நஞ்சையில் ஊன்றிய கற்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நம் காவிரி டெல்டாவில் நஞ்சை வயல்கள் வீட்டு மனைகளாக மாறுவதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

ஒரு நகரம் தன் நிலத்தை எவ்வாறு பங்கிட்டுக்கொள்கிறது என்பதை விளக்க, மானிடப் புவியியல் வகுப்பில் முதலில் காட்டப்படுவது சிகாகோவை வைத்துச் சமூகவியலாளர் எர்னஸ்ட் பர்ஜெஸ் 1925-இல் வரைந்த வட்டப் படமாகும். நடுவில் வணிகம், அதையொட்டித் தொழிற்கூடங்களும் பிழைக்க வந்த ஏழைகளின் நெருக்கமான வீடுகளும் இருக்க, வசதி கூடக் கூட மக்கள் வெளிவட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். டெல்டாவின் தலைப்பிலுள்ள திருவரங்கத்திலும் உத்திர வீதி, சித்திர வீதி என்று ஒன்றைச் சூழ்ந்து ஒன்றாக வீதிகள் அமைந்துள்ளன. ஆனால் அங்கே கோயிலுக்கு அருகில் குடியிருப்பதே மதிப்பாக இருந்தது. நம் கிராமங்களில் அக்கிரகாரம் ஒருபுறம், குடியானத் தெரு ஒருபுறம், வயலுக்கு அப்பால், பெரும்பாலும் பள்ளத்தில், சேரி என்று பிரித்தது சாதிதான். மழை வெள்ளம் முதலில் நுழைவது இன்றும் அந்தப் பள்ளத்துத் தெருவில்தான் என்பதை வேதனையோடு சொல்கிறேன்.

நம் பகுதியில் மேடும் பள்ளமும்தான் நகரத்தின் போக்கைத் தீர்மானிக்கின்றன. தஞ்சாவூர் டெல்டாவின் ஓரத்தில் நிற்கும் நகரம். அதன் தென்மேற்கே வல்லம் பக்கம் செம்மண் மேடு இருப்பதால், மருத்துவக் கல்லூரிச் சாலையை ஒட்டியும் அதற்கு அப்பாலும் ஊர் விரிய இடம் கிடைத்தது. நகரம் சாலைகளைப் பற்றிக்கொண்டு ஆப்பு வடிவில் நீளும் என்று 1939-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஹோமர் ஹாய்ட் சொன்னது இந்தத் திசைக்கு ஓரளவு பொருந்துகிறது. கும்பகோணத்துக்கு அந்த வசதி கிடையாது. வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு என இரண்டுக்கும் நடுவில் அமைந்த ஊர் அது. ஆற்றங்கரைகளைத் தாண்டினால் வண்டல் வயல்தான். 2021-இல் அது மாநகராட்சியாக உயர்ந்தபோது தாராசுரமும் அதற்குள் வந்தது. இனி அங்கே புதிதாக எழும் வீடு ஏறக்குறைய ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நஞ்சையின் மேல்தான் எழ வேண்டும்.

நஞ்சை மனையாவதற்குக் காரணம் விவசாயியின் பேராசை என்று சொல்வோரை நான் ஏற்பதில்லை. தஞ்சை வழக்கில் ஒரு மா என்பது 100 குழி. ஏறத்தாழ 33 சென்ட். கடைமடையில் தண்ணீர் நேரத்துக்கு வராமல், இரண்டு மா நிலத்தை வைத்துக்கொண்டு கடனோடு போராடுகிறவரிடம் ஒருவர் வந்து, அதே நிலத்துக்குச் சதுர அடிக் கணக்கில் விலை பேசுகிறார். ஒரு மா என்பது அந்தக் கணக்கில் சுமார் 14,400 சதுர அடி. அந்த விலைக்கு எத்தனை போகம் விளைந்தாலும் ஈடாகாது.

புறவழிச்சாலை ஓரத்தில் அப்படி விற்கப்பட்ட வயல் ஒன்றை ஓர் ஐப்பசியில் பார்த்தேன். மஞ்சள் பூசிய கற்கள் வரிசையாக ஊன்றப்பட்டிருந்தன. லாரி லாரியாகக் கிராவல் கொட்டி மனையை உயர்த்தியவர்கள், ஓர் ஆள் தாண்டும் அகலத்தில் ஓடிய வடிகால் வாய்க்காலையும் சேர்த்து மூடிவிட்டார்கள். அடுத்த வயலில் சம்பா நாற்று, நுனி மட்டும் தெரிய மூழ்கி நின்றது. வரப்பில் நின்ற பெரியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "தண்ணி போற வழியில மனை போட்டா, அது என் வயல்லதானே நிக்கும் தம்பி?" என்று கேட்டார்.

2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டே அவற்றை வரன்முறைப்படுத்த விதிகளும் வந்தன. 2020-இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஹைட்ரோகார்பன் எடுப்பு போன்ற பெருந்தொழில்களை இங்கே தடுக்கிறது. அது வேண்டிய சட்டம். ஆனால் அதன் தடைப் பட்டியலில் வீட்டு மனை இல்லை. மக்கள் பெருகும்போது வீடு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மனைப்பிரிவு வரைபடத்தில் தெருவைக் குறிப்பதற்கு முன்னால், அந்த வயலின் பாசன வாய்க்காலையும் வடிகாலையும் கிராமப் புலப்படத்திலிருந்து எடுத்துக் குறிக்க வேண்டும். வடிகாலின் மேல் எந்த மனைக்கும் எண் தரக் கூடாது. அனுமதி தரும் அதிகாரி ஒருமுறையாவது கார்த்திகை மழையில் அந்த இடத்துக்கு நேரில் வர வேண்டும். நீர் எந்தப் பக்கம் வடிகிறது என்பது அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரியும்.