லெபோ பாசார் அஞ்சடியில் ஒரு காலை

வணக்கம், நேயர்களே. பினாங்கு ஜார்ஜ்டவுனில், லெபோ குவீன் தெருவிலுள்ள மகா மாரியம்மன் கோயிலருகே நின்றுகொண்டு உங்களோடு பேசுகிறேன். காலை ஏழரை மணி ஆகிறது. 1833இல் எழுந்த இந்தக் கோயிலைப் பற்றிப் பல காணொளிகள் வந்துவிட்டன. அதனால் இன்று கோபுரத்தை நோக்கி ஒளிப்படக் கருவியைத் திருப்பாமல், கீழே கடையும் மேலே வீடுமாக உள்ள கடைவீடுகளின் முன்னால், தூண்களுக்கும் சுவருக்கும் நடுவே செல்லும் இந்த நடைபாதையைக் காட்ட விரும்புகிறேன். ஐந்தடி அகலம் என்பதால் இதற்கு ஐந்தடிப் பாதை என்று பெயர். எங்கள் வீட்டில் எல்லாரும் அஞ்சடி என்றே சொல்வார்கள். என் குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதி இந்த அஞ்சடியில்தான் கழிந்தது.

இப்படியே லெபோ பாசார் பக்கம் நடப்போம். கடைவீடு முன்புறம் குறுகலாகவும் உள்ளே மிக நீளமாகவும் இருக்கும். நடுவில் வானம் தெரியும் ஒரு முற்றம் உண்டு. மேல்மாடி தூண்களின்மேல் முன்னோக்கி நீண்டு வந்து நடைபாதைக்குக் கூரையாகிவிடுவதால், பிற்பகல் மழை கொட்டும்போதும் நாங்கள் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தலை நனையாமல் ஓடுவோம். தரையைக் கவனியுங்கள். இங்கே சிவப்புச் சுடுமண் ஓடு, நான்கு எட்டு தள்ளிப் பூ வரைந்த வழுவழுப்பான ஓடு, அதற்கப்பால் வெறும் சிமெண்டு. உயரமும் ஒன்றுபோல் இல்லை. நானும் என் அக்காவும் கண்களை மூடிக்கொண்டு வெறுங்காலோடு நடந்து, பாதத்தில் படும் குளிர்ச்சியையும் சொரசொரப்பையும் வைத்தே யார் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று சொல்லி விளையாடுவோம். அக்கா ஒருமுறைகூடத் தவறாகச் சொன்னதில்லை.

அந்த நாள்களில் அஞ்சடி ஒரு தனி ஊராகவே இருந்தது. அதோ அந்தத் தூணருகே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நாணயமாற்றுக்காரர் அமர்ந்திருப்பார். இராமநாதபுரத்துப் பேச்சு அவர் நாவில் அப்படியே இருந்தது. அடுத்த தூணில் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். பிறகு பூக்கட்டும் அம்மா, அவருக்குப் பக்கத்தில் நாளிதழ்க் கடை. என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கி உழைத்தவர். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, மாலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, சாய்வு நாற்காலியை அஞ்சடியில் போட்டு, தமிழ் நேசனை உரக்கப் படிப்பார். எழுத்தறியாத அவருடைய பழைய கூட்டாளிகள் நான்கைந்து பேர் தரையில் அமர்ந்து கேட்பார்கள். ஒருவர் இறப்புச் செய்திகளை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொல்வார். தெரிந்த பெயர் வந்தால் அன்றைய வாசிப்பு அத்தோடு நின்றுவிடும். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றபோது, தாத்தாவின் குரல் இரண்டாவது முறை அடங்கியதைப்போல எனக்கு இருந்தது.

இவ்வளவு பேரும் எங்கே போனார்கள் என்று நீங்கள் கேட்கலாம். 1948க்கு முன்பு கட்டப்பட்ட வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்ததால், மூட்டை தூக்குபவரும் பூ விற்பவரும் நகரத்தின் நடுவில் குறைந்த வாடகையில் குடியிருக்க முடிந்தது. அந்தச் சட்டத்தை நீக்கும் முடிவு 1997இல் வந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது பாதுகாப்பு முற்றிலும் நீங்கியது. எங்கள் வீட்டுக்கு மாதம் 90 வெள்ளியாக, அதாவது மலேசிய ரிங்கிட்டாக, இருந்த வாடகை 600 வெள்ளியானது. அப்பா இரண்டு இரவுகள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் சாமான்களைக் கட்டச் சொன்னார். குளுகோர் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். அங்கே தாத்தா நாற்காலி போட இடமே இல்லை. 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்ததில் எனக்கு உண்மையான பெருமை உண்டு; அந்த அறிவிப்பால்தான் இந்தத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் அது எட்டு ஆண்டுகள் முன்னதாக வந்து, கட்டடங்களோடு குடியிருந்தவர்களையும் காத்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது இந்த இடத்தைப் பாருங்கள். அட்டைப் பெட்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் வழியை அடைத்திருப்பதால், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர் வாகனங்கள் ஓடும் சாலையில்தான் இறங்க வேண்டும். கடைக்காரர்களின் இடநெருக்கடி எனக்குத் தெரியும். அவர்கள்மீது கோபம் இல்லை. இருவர் ஒருவரையொருவர் கடந்துபோகும் அகலத்தையாவது விட்டுவைக்குமாறு அவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

விஜயதசமி இரவில் அம்மனின் தேர் இந்தத் தெருக்களில் வலம் வரும். பாட்டி அன்று மாலையிலேயே அஞ்சடியைக் கழுவிக் கோலமிட்டு, அருச்சனைத் தட்டோடு எங்கள் தூணருகே நிற்பார். இதுதான் அந்தத் தூண். உள்ளே இப்போது தங்கும் விடுதி நடக்கிறது. வெளியே தரையில் பாட்டி கோலமிட்ட அதே சிவப்பு ஓடு. இந்த ஆண்டு விஜயதசமிக்கு அம்மாவையும் அக்காவையும் இங்கே அழைத்து வருகிறேன். இந்தத் தெருக்களில் வளர்ந்தவர்கள் அன்று வந்தால், எந்தத் தூண் உங்களுடையது என்று எனக்குக் காட்டுங்கள்.