டீச்சர் ஆக ஆசையா? பி.எட். இருக்கட்டும், முதலில் டிகிரியைப் பாருங்கள்

வணக்கம். பள்ளி விட்டு வந்த கையோடு பேசுகிறேன், சட்டையில் சாக்பீஸ் தூள் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் வந்துவிட்டால் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பொண்ணு பிளஸ் டூ முடித்துவிட்டாள் சார், டீச்சர் ஆக வேண்டும் என்கிறாள். ஏதாவது ஒரு டிகிரி படிக்கட்டும், பிறகு பி.எட். போட்டுவிடலாம் அல்லவா?"

போட்டுவிடலாம்தான். ஆனால் அரசுப் பள்ளியில் எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு அவர் போக முடியும் என்பதை பி.எட். முடிவு செய்வதில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் இந்த மாதம் நீங்கள் எழுதப்போகும் பாடத்தின் பெயர் முடிவு செய்கிறது.

தமிழ்நாட்டில் ஆறு முதல் பத்து வரை எடுப்பவர் பட்டதாரி ஆசிரியர். அந்தப் பணியிடங்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் ஆகிய பாடங்களுக்கு உரியவை. பி.காம். இதில் எங்கே? இல்லை. வணிகவியல் பிளஸ் ஒன்னில்தான் தொடங்குகிறது, ஆகவே அது முதுகலை ஆசிரியர் வேலை. எம்.காம். முடித்தால்தான் இங்கே பி.எட். சேர்க்கையிலேயே இடம் கேட்க முடியும். பொருளியலுக்கும் அதே கதைதான். படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. கூடுதலாக இரண்டு ஆண்டு ஆகும், அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

இன்னொரு சிக்கல், பட்டத்தின் பெயருக்கு வால் முளைத்திருப்பது. சும்மா "கணிதம்" என்று இருந்தால் பிரச்சினை இல்லை. "பயன்பாட்டு" என்று முன்னால் ஒன்று, "கணினிப் பயன்பாட்டுடன்" என்று பின்னால் ஒன்று சேர்ந்திருந்தால், அது மூலப் பாடத்துக்கு இணையானது என்று உயர்கல்வித் துறை அரசாணை வெளியிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் இந்த அரசாணையைத் தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் அவர்கள். கல்லூரி அலுவலகத்தில் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்பார்கள். அரசாணை எண்ணைக் கேளுங்கள், அப்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, இரண்டு பாதைகள். மூன்று ஆண்டு டிகிரி, அதன்மேல் இரண்டு ஆண்டு பி.எட்., ஆக ஐந்து ஆண்டு. 2015 வரை பி.எட். ஒரே ஆண்டாக இருந்தது. உங்கள் அக்காவோ சித்தியோ "ஒரு வருஷத்தில் முடிந்துவிடும்" என்று சொன்னால் அது பழைய கணக்கு. மற்றொன்று பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு ஆண்டுப் படிப்பு. புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் இப்போது விளம்பரம் செய்கிறார்கள். மைசூரில் இருக்கும் மண்டலக் கல்வியியல் நிறுவனம் 1963இல் தொடங்கியது; தென் மாநிலங்களுக்கெல்லாம் சேர்த்து அங்கே பல பத்தாண்டுகளாக இந்த நான்கு ஆண்டுப் படிப்பு நடக்கிறது. வளாகத்துக்குள்ளேயே பள்ளிக்கூடமும் உண்டு. 2023 முதல் இதே வகைப் படிப்பு ஐடெப், அதாவது ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் படிப்பு, என்ற பெயரில் நாடு முழுவதும் வந்திருக்கிறது. என்.சி.இ.டி. என்று தனி நுழைவுத் தேர்வு; அதைத் தமிழிலும் எழுதலாம்.

எது நல்லது என்று என்னைக் கேட்டால், பதினேழு வயதிலேயே உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு நான்கு ஆண்டுப் படிப்பு. ஓர் ஆண்டு மிச்சம். பாடத்தைப் படிக்கும்போதே அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற யோசனையும் கூடவே ஓடும். தயக்கம் இருக்கும் பிள்ளையை அதில் தள்ளிவிடாதீர்கள். தேசியக் கல்விக் கொள்கை 2030க்குள் நான்கு ஆண்டுப் படிப்பையே குறைந்தபட்சத் தகுதியாக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. டிகிரிக்குப் பிறகு பி.எட். என்ற பாதை இங்கே இன்னும் திறந்தே இருக்கிறது.

இந்தப் புத்தகங்களைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். ஒன்று கல்லூரியில் நான் படித்த இயற்கணிதம். மற்றொன்று ஒன்பதாம் வகுப்புக் கணிதம். கல்லூரி மூன்று ஆண்டும் இவை இரண்டும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். குலம் (குரூப்), வளையம் (ரிங்) என்று கல்லூரி இயற்கணிதத்தில் தேற்றம் தேற்றமாக எழுதித் தள்ளும் மாணவரிடம், "பூச்சியத்தால் ஏன் வகுக்கக் கூடாது?" என்று ஒரு எட்டாம் வகுப்புப் பையன் கேட்டால், "வரையறுக்கப்படவில்லை" என்பார். பையனுக்கு அது பதில் ஆகாது. பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் நான்கு, ஏனென்றால் நான்கை மூன்றால் பெருக்கினால் பன்னிரண்டு. அப்படியானால் எதைப் பூச்சியத்தால் பெருக்கினால் பன்னிரண்டு வரும்? அவனையே தேடவிடுங்கள். எதுவும் கிடைக்காது, அதை அவனே சொல்வான். "சரி சார், பூச்சியத்தையே பூச்சியத்தால் வகுத்தால்?" என்று அடுத்து ஒருவன் எழுந்து நின்றால், அன்றைக்கு உங்கள் வகுப்பு நன்றாக நடந்திருக்கிறது. இந்தப் பேச்சுக்கு வேண்டிய விஷயமெல்லாம் டிகிரிப் பாடத்தில்தான் இருக்கிறது. அதைக் கீழே இறக்கிக் கொண்டுவரும் பழக்கத்தை பி.எட். வரை தள்ளிப்போடாதீர்கள்.

பி.எட்.டில் உளவியல் வரும், பியாஜே, வைகாட்ஸ்கி, ஸ்கின்னர் என்று உளவியல் அறிஞர்கள் எல்லாரும் வருவார்கள். படித்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை. நுண்ணிலைக் கற்பித்தலில், அதாவது சில நிமிடம் மட்டும் பாடம் நடத்திப் பார்க்கும் பயிற்சியில், உடன் படிப்பவர்களே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாக நடித்து, எல்லாக் கேள்விக்கும் மணிமணியாகப் பதில் சொல்வார்கள். சிரிப்பாக இருக்கும். உண்மையான பயிற்சி பள்ளியில் இருக்கும் அந்த 20 வாரம்தான்: முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. அதற்கு 90 சதவீத வருகை வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதி. "கட்டணம் கட்டினால் போதும், வர வேண்டாம், ரெக்கார்டு நோட்டும் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்று ஒரு கல்லூரி சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நாற்பது பிள்ளைகள் முன்னால் முதல் தடவை தடுமாற வேண்டிய இடம் அந்தப் பயிற்சிப் பள்ளி. பின் பெஞ்சில் வழிகாட்டி ஆசிரியர் உட்கார்ந்திருப்பார், பாடக்குறிப்பில் சிவப்பு மையால் எழுதிக் கொடுப்பார். வேலையில் சேர்ந்த பிறகு அப்படி எழுதிக் கொடுக்க ஆள் கிடைக்காது.

தேர்வுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டதாரி ஆசிரியருக்கு ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) இரண்டாம் தாள். மொத்தம் 150 கேள்வி. கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கு அதில் 60 கேள்வி கணிதமும் அறிவியலும் சேர்ந்தது. அதாவது கணிதக்காரர் செல்லையும் பூவையும் படிக்க வேண்டும், தாவரவியல்காரர் முக்கோணத்தைப் படிக்க வேண்டும். பள்ளிப் புத்தகத்தைத் தொடாமல் மூன்று ஆண்டு இருந்தவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். 2025 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களே இந்தத் தேர்வை எழுத வேண்டியிருக்கிறது. புதிதாக வருபவர் தப்பிக்க வழியில்லை. இதில் தேறியவர்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு தனியாக உண்டு. அதில் டிகிரிப் பாடத்தை ஆழமாகக் கேட்பார்கள், கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளும் இருக்கிறது.

கடைசியாக, தமிழ்வழியில் படித்தவர்கள் கேளுங்கள். அரசு வேலையில் உங்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குத் தமிழ்வழிச் சான்றிதழைப் படித்த இடங்களிலிருந்தெல்லாம் வாங்க வேண்டும், தொடக்கப் பள்ளியையும் சேர்த்து. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் முதல் வாரம் கூட்டமாக இருக்கும், இரண்டாவது வாரம் போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும், பிறந்த தேதியையும் சேர்ந்த ஆண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்.