தூக்கத்துல பன்னி விரட்டுறவங்க

(செங்கோட்டையில ஒரு கூட்டத்துல பேசினது)

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசை அண்ணாச்சிமார் கோவிச்சுக்கக் கூடாது, இன்னைக்கு நான் பேசப்போறது உங்ககிட்ட இல்ல, பின்னாடி உக்காந்திருக்குற மதினிமார்கிட்ட. ஏன்னா கனவுல நடக்குறதை தூக்கத்துலயே கைகால் வீசி நிஜமா செய்யுற இந்த வியாதி, 'ரெம் தூக்க நடத்தைக் கோளாறு'ன்னு பேரு, இருக்குறது பல பேருக்கு தனக்கே தெரியாது, பக்கத்துல படுத்து உதை வாங்குறவங்களுக்குத்தான் தெரியும்.

புளியரைப் பக்கம் வயல் வச்சிருக்குறவங்களுக்கு காட்டுப்பன்னி பழக்கம்தானே. விடியக்காலம் மூணு மணிக்கு வீட்டுக்காரரு, கண்ணு மூடினபடியே "ஏ பன்னி பன்னி"னு கத்தி காலை வீசுறாரு, கை சுவத்துல மோதி தோல் பேந்துருது. தட்டி எழுப்பினா உடனே தெளிஞ்சு, பன்னி விரட்டுன கதையை வரிசையா சொல்லுவாரு. தூக்கத்துல நடக்குறது வேற, அது பெரும்பாலும் முன்ராத்திரி, கண்ணு தொறந்திருக்கும், எழுப்பினா பேந்தப் பேந்த முழிப்பாங்க.

நல்லா கனவு வர்ற ரெம் தூக்கத்துல மூளைத்தண்டு நம்ம கைகாலை கட்டிப்போட்டிருக்கும். அந்தக் கட்டு அவுந்தா இதான். 1965ல பிரான்ஸ்ல தூக்க ஆராய்ச்சியாளர் மிஷல் ஜூவே குழு பூனைக்கு அந்த இடத்தைச் சிதைச்சுப் பாத்தாங்க, பூனை தூங்கிக்கிட்டே பாஞ்சுது. மனுஷனுக்கும் இது தனி வியாதின்னு ஷெங்க், மஹோவால்ட்ங்குற டாக்டர்கள் அமெரிக்காவுல எழுதினது 1986ல, 21 வருஷம் கழிச்சு!

இப்ப ஆராய்ச்சி எல்லாம் அடுத்து என்ன வரும்னுதான். 2019ல 24 மையத்துல இந்த வியாதி இருக்குற 1280 பேரை வச்சு ஒரு கணக்கு வந்துச்சு, வருஷத்துக்கு நூத்துக்கு ஆறு பேர் மாதிரி பார்க்கின்சன்ங்குற நடுக்குவாதத்துக்கோ மறதி நோய்க்கோ போறாங்க, 12 வருஷத்துல முக்கால்வாசி. ஆல்ஃபா சினூக்ளின்ங்குற புரதம் உருமாறி சேருறதை தோல்லயும் தண்டுவட நீர்லயும் முன்னாடியே கண்டுபிடிக்கப் பாக்குறாங்க. ஆனா அதைத் தடுக்குற மாத்திரை இன்னும் வரல. அப்ப நோயாளிகிட்ட இதைச் சொல்லணுமாங்குறதே டாக்டர்களுக்குள்ள பெரிய விவாதம், கேக்குறவருக்கு மறைக்கக்கூடாதுங்குறது என் கட்சி. குளோனாசெபாம், மெலடோனின்னு மாத்திரை குடுத்தா உதை குறையும், அவ்வளவுதான். சில மனச்சோர்வு மாத்திரையாலயும் இது வரும், அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, மாத்திரை அட்டையை டாக்டர்கிட்ட காட்டுங்க.

திருவனந்தபுரத்துக்கு நரம்பு டாக்டரைப் பாக்கப் போனா மதினியும் கூடப் போங்க, போன்ல எடுத்த வீடியோ இருந்தா இன்னும் நல்லது. முடிவா சொல்றதுக்கு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில படுக்கவச்சு வீடியோவோட தூக்கப் பரிசோதனை எடுக்கணும்.

அப்புறம், கெட்ட கனவு வருதுன்னு தலைமாட்டுல அருவா வச்சிருக்கீங்கல்ல, இன்னைக்கு ராத்திரியே அதை எடுத்து அடுத்த ரூம்ல போட்டுப் பூட்டிருங்க.