முதல் வரிசை யாருக்கு?

அவைக்கு வணக்கம். தமிழ்க் கூட்டத்தில் கூடைப்பந்தைப் பற்றிப் பேச இடம் கொடுத்த நண்பர்களுக்கு முதலில் நன்றி. கல்லூரி விளையாட்டு அரங்குகளில் ரசிகர்களுக்கு எது சிறந்தது, எது மோசமானது என்பதுதான் இன்றைய தலைப்பு. இதைப் பேச வட கரோலினாவைவிடப் பொருத்தமான இடம் அமெரிக்காவில் கிடையாது. டர்ஹமில் ட்யூக் பல்கலைக்கழகம், சாப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகம், ராலியில் என்.சி. ஸ்டேட் எனப்படும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் அரை மணி நேரம்தான். மூன்றும் ஆண்கள் கூடைப்பந்தில் தேசியக் கோப்பை வென்றவை. ஆனால் அரங்க விஷயத்தில் மூன்றும் மூன்று திசையில் போயின. உங்களில் பலருடைய பிள்ளைகள் இவற்றில் ஒன்றில் படிக்கிறார்கள், அல்லது படிக்கப் போகிறார்கள். ஆகவே இது நம் வீட்டு விஷயமும்கூட.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி அரங்கம் ஒன்றுக்குள் போனதும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆடுகளத்தின் விளிம்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அங்கே மாணவர்கள் இருந்தால், இருக்கை இடித்தாலும் வியர்த்தாலும் அது நல்ல அரங்கம். பணம் கொடுத்தவர்கள் கீழேயும் மாணவர்கள் உச்சியிலும் இருந்தால், எத்தனை கோடி கொட்டிக் கட்டியிருந்தாலும் அது ரசிகனுக்குக் கெட்ட அரங்கம். வண்டி நிறுத்த இடம், சாப்பாட்டுக் கடை, பெரிய திரை இவையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ட்யூக்கின் கேமரன் உள்ளரங்கத்தை எடுத்துக்கொள்வோம். 1940 ஜனவரி 6 அன்று திறந்தார்கள். 9,314 பேருக்குத்தான் இடம். ஆடுகளத்தை ஒட்டிய கீழ்த்தளத்தில் மாணவர்கள். அவர்களுக்கு முதுகு சாய்க்க வழியில்லாத பெஞ்ச். அதிலும் யாரும் உட்காருவதில்லை, இரண்டு மணி நேரமும் நின்றபடியேதான். இளநிலை மாணவர்களுக்கு நுழைவு இலவசம். பெருந்தொகை கொடுக்கும் முன்னாள் மாணவர்களுக்கு மேல்தளம். எதிரணி வீரர் பக்கக் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிய வரும்போது பாருங்கள். அவருடைய முதுகுக்கு ஒரு சாண் பின்னால் நீலச் சாயம் பூசிய கைகள் வரிசையாக நீண்டு நடுங்கிக்கொண்டிருக்கும். எறிய அவருக்கு ஐந்து விநாடிதான் அவகாசம். அந்த ஐந்து விநாடியும் காதருகே கூச்சல். களத்தோர மேசையில் செய்தி தட்டச்சு செய்துகொண்டிருக்கும் நிருபர்களின் தலைக்கு மேலேயும் அந்தக் கைகள்தான். கட்டடம் இப்படி நெருக்கமாக அமைந்ததால்தான் இந்தக் காட்சி சாத்தியமாகிறது. இதே மாணவர்களை நூறடி தள்ளி உட்காரவைத்தால், இதே கூச்சல் வெறும் இரைச்சலாகத் தேய்ந்துவிடும்.

இந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது ஜூலியன் ஏபலின் பெயரைச் சொல்லாமல் போவது நன்றிகெட்ட செயல். பிலடெல்பியாவைச் சேர்ந்த கருப்பினக் கட்டடக் கலைஞர் அவர். ட்யூக்கின் மேற்கு வளாகத்தில் பெரும்பகுதியும் இந்த அரங்கமும் அவர் கையால் உருவானவை. 1950-இல் அவர் காலமானார். அதுவரை அந்தப் பல்கலைக்கழகத்தில் கருப்பின மாணவர் ஒருவர்கூடச் சேர முடியாது. முதல் கருப்பின இளநிலை மாணவர்கள் சேர்ந்தது 1963-இல்தான். வளாகத்தின் நடு முற்றத்துக்கு அவர் பெயரைச் சூட்ட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்று தலைமுறை மாணவர்கள் ஆடிக் களித்த இடத்தை வரைந்தவருக்கு அந்த வாசலில் வரவேற்பு இருந்ததில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

வாசலுக்கு வெளியே, புல்வெளியில், 1986 முதல் கூடாரம் போடும் வழக்கம் இருக்கிறது. சாப்பல் ஹில்லோடு மோதும் ஆட்டத்துக்கு இடம் பிடிக்க, 12 பேர் சேர்ந்து ஒரு கூடாரம். குளிர்கால இரவுகளில் முறை வைத்துக் காவல். எத்தனை பேர் உள்ளே படுத்திருக்க வேண்டும், எப்போது எண்ணிக்கை எடுப்பார்கள் என்பதற்கெல்லாம் மாணவர்களே எழுதிக்கொண்ட சட்டதிட்டம் உண்டு. பெற்றோருக்கு இது கவலைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது, காத்திருந்துதான் பெற வேண்டும் என்ற நியதியை நான் மதிக்கிறேன். கேமரனில் குறை இல்லையா என்றால், உண்டு. வெளியாளுக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. உங்களையும் என்னையும் போன்ற ஊர்க்காரர்களுக்கு அது அநேகமாகத் தொலைக்காட்சி அரங்கம்தான்.

பத்து மைல் தள்ளி, சாப்பல் ஹில்லுக்கு வருவோம். அங்கே டீன் ஸ்மித் சென்டர். 1986 ஜனவரி 18, முதல் ஆட்டமே ட்யூக்கோடு. அன்று நாட்டின் முதலிடத்தில் இருந்த சாப்பல் ஹில் 95-92 என்று வென்றது. அதற்கு முன்பு அவர்களிடம் கார்மைக்கேல் என்று சின்ன அரங்கம் இருந்தது. பத்தாயிரம் பேருக்குத்தான் இடம். மைக்கேல் ஜோர்டன் மாணவனாக ஆடிய களம் அது. எதிரணிகள் அங்கே வரவே அஞ்சின. அதை விட்டுவிட்டு ஏறத்தாழ இரண்டு மடங்கு பெரிதாக, 21,000 பேருக்கு மேல் கொள்ளும்படி புதிதாகக் கட்டினார்கள். 3 கோடி டாலருக்கு மேல் செலவு. பணம் நன்கொடையாளர்களிடமிருந்து வந்தது. கொடுத்தவர்களுக்குக் கைம்மாறாகக் கீழ்த்தள இருக்கை உரிமை போனது. மாணவர்களில் பெரும்பாலோர் மேலே ஏறிப் போனார்கள்.

விளைவு உடனே தெரிந்துவிட்டது. ஃப்ளோரிடா ஸ்டேட் அணிக்காக ஆடிய சாம் கசெல் இங்கே வந்து வென்ற பிறகு, இது ட்யூக் கூட்டம்போல் இல்லை, சீஸும் ஒயினும் சாப்பிட வந்த கூட்டம்போல அமைதியாக இருக்கிறது என்ற பொருளில் சொன்ன வார்த்தை, 30 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த ஊரில் குத்திக்கொண்டே இருக்கிறது. நன்கொடையாளர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பணம் இல்லாமல் அந்தக் கட்டடமே எழுந்திருக்காது. வாரம் முழுதும் வேலை செய்துவிட்டு வரும் ஐம்பது வயதுக்காரர் உட்கார்ந்து பார்க்கத்தான் விரும்புவார். அவரைக் கொண்டுபோய்க் கூச்சல் போட வேண்டிய இடத்தில் உட்காரவைத்ததுதான் தவறு.

இதற்கு ஆதாரம் வேண்டுமா? வானமே கொடுத்தது. 2000 ஜனவரியில் ராலி விமான நிலையத்தில் 20 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டியதை இங்கே நீண்ட நாள் வாழ்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாலைகள் மூடிக்கிடந்தன. அந்த வாரத்தில் ஸ்மித் சென்டரில் மேரிலண்ட் அணியோடு ஆட்டம். கார் ஓட்டி வர வேண்டிய சீசன் டிக்கெட்காரர்கள் வர முடியவில்லை. விடுதிகளிலிருந்து மாணவர்கள் பனியில் நடந்தே வந்தார்கள். காலியாகக் கிடந்த கீழ்த்தள இருக்கைகளை அவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதே கட்டடம், அதே கூரை, அதே அணி. அன்று எழுந்த ஆரவாரத்தைச் சாப்பல் ஹில்காரர்கள் இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். அதன் பிறகுதான் கூடைக்குப் பின்னால் மாணவர்கள் நிற்பதற்கென்று படிமேடை போட நிர்வாகம் இறங்கிவந்தது. 14 ஆண்டுகள் கட்டடத்தின் மேல் சுமத்திய பழியை ஒரு பனிப்பொழிவு தீர்த்துவைத்தது.

ராலியின் கதைதான் என்னை மிகவும் வருத்துவது. என்.சி. ஸ்டேட்டுக்கு வளாகத்தின் நடுவிலேயே ரெனால்ட்ஸ் கொலீசியம் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே வேலை தொடங்கி, போர் வந்ததும் நின்று, இரும்புச் சட்டம் மட்டும் வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் நின்றது. 1946-இல் வந்த பயிற்சியாளர் எவரெட் கேஸ், இன்னும் பெரிதாக வேண்டும் என்றார். பக்கவாட்டுச் சட்டம் ஏற்கனவே நட்டாகிவிட்டதால் அகலப்படுத்த வழியில்லை. இரு முனைகளையும் நீட்டினார்கள். அதனால்தான் அது ரயில் பெட்டிபோல் நீண்டு ஒடுங்கிக் கிடந்தது. 1949-இல் 12,400 இருக்கைகளோடு திறந்தபோது, தெற்கு மாநிலங்களில் அதற்கு இணை இல்லை. ஆண்டு இறுதி விடுமுறையில் மூன்று நாள் அங்கே நடந்த டிக்சி கிளாசிக் போட்டிக்கு ஊரே திரண்டது. அங்கே ஆடுகளம் மட்டுமா இருந்தது? 1966-இல் மார்ட்டின் லூதர் கிங் அந்தக் கூரையின் கீழ் பேசினார். ஊர் தன் பெரிய நாட்களை எல்லாம் அங்கேயே கழித்தது.

1983-இல் ஜிம் வல்வானோ பயிற்றுவித்த என்.சி. ஸ்டேட் அணி தேசியக் கோப்பை வென்றது இந்த அரங்கத்தில் வளர்ந்துதான். இறுதியாட்டம் நடந்தது நியூ மெக்சிகோவில், ஆல்புகர்க்கி நகரத்தின் பல்கலைக்கழக அரங்கத்தில். அதுவும் ரசிகர்கள் கொண்டாடும் அரங்கம்தான். தரையைத் தோண்டி, ஆடுகளத்தைத் தெரு மட்டத்துக்கு 37 அடி கீழே அமைத்திருக்கிறார்கள். வாசலில் நுழையும்போதே நீங்கள் உச்சி வரிசையில் நிற்கிறீர்கள். கடைசி விநாடியில் தூரத்திலிருந்து எறிந்த பந்து கூடையை எட்டாமல் போக, லொரென்சோ சார்ல்ஸ் அதைக் காற்றிலேயே பிடித்துக் கூடைக்குள் அழுத்தினார். 54-52. எதிரணி ஹூஸ்டன். கட்டிப்பிடிக்க ஆள் தேடி வல்வானோ களத்தில் அங்குமிங்கும் ஓடிய காட்சியைப் பார்க்காதவர்கள் இந்த மாநிலத்தில் குறைவு.

அப்படிப்பட்ட அணி 1999-இல் ரெனால்ட்ஸை விட்டுப் போனது. சில மைல் மேற்கே, நெடுஞ்சாலைப் பக்கம், தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணியோடு பங்கு போட்டுக்கொள்ளும் பெரிய அரங்கத்துக்கு. இருக்கை வசதி, வாகன நிறுத்தம், கழிப்பறை எல்லாவற்றிலும் புதியதே மேல். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் விடுதியிலிருந்து ஐந்து நிமிடம் நடந்து போன மாணவன் இப்போது பஸ்ஸுக்குக் காத்திருக்கிறான். ஆட்டம் இரவு ஒன்பதுக்கு, மறுநாள் காலை தேர்வு என்றால், அறையிலேயே இருந்துவிடுகிறான். லாஸ் ஏஞ்சலஸில் இதைவிடக் கொடுமை. யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கு 1982 முதல் வீடாக இருந்துவந்த ரோஸ் போல் அரங்கம், மலையடிவாரத்தில் கண்ணைக் கவரும் இடம்தான். ஆனால் வளாகத்திலிருந்து 25 மைல். அந்த ஊரின் போக்குவரத்தில் 25 மைல் என்றால் என்னவென்று அங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

வெளியூர் அரங்குகளில் இன்னும் சிலவற்றைத் தொட்டுவிட்டுப் போகிறேன். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் ஃபீல்ட்ஹவுஸ், 1955-இல் திறந்தது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பயிற்சியாளர். அவர் வகுத்த 13 விதிகளின் மூலத்தாள்கள் இன்று அரங்கத்தை ஒட்டிய கட்டடத்தில் காட்சிக்கு இருக்கின்றன. பதினையாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் பெரிய இடமாக இருந்தும், மாணவர்கள் களத்தின் ஓரத்திலேயே இருப்பதால் அதன் உக்கிரம் குறையவில்லை. 2017 பிப்ரவரியில் அங்கே எழுந்த ஒலி 130.4 டெசிபல் என்று அளந்தார்கள்.

பிலடெல்பியாவின் பலஸ்ட்ரா அரங்கம் 1927-இல் வந்தது. அந்த நகரத்தின் ஐந்து கல்லூரிகள் பல ஆண்டுகள் அதையே பொதுக் களமாக வைத்துக்கொண்டன. ஒரே இரவில் இரண்டு ஆட்டங்கள். எதிரெதிர் பக்கத்தில் இரண்டு கல்லூரிக் கூட்டமும் சரிபாதி. தங்கள் அணியின் முதல் பந்து கூடையில் விழுந்ததும் வண்ணக் காகிதச் சுருள்களைக் களத்தில் வீசுவார்கள், தரையெல்லாம் நாடா. துடைத்து முடிக்கும்வரை ஆட்டம் நிற்கும். 1980-களில் அதற்குத் தண்டனை விதித்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது இழப்பாகவே படுகிறது.

மோசமானவற்றின் வரிசையில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தைச் சொல்லியாக வேண்டும். 1980-இல் திறந்த, கூரை மூடிய அமெரிக்கக் கால்பந்து அரங்கத்தின் ஒரு மூலையில் கூடைப்பந்துக் களத்தை விரிக்கிறார்கள். முப்பதாயிரம் பேர் பார்த்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். கடைசி வரிசைக்காரருக்கு வீரரின் எண்கூடத் தெரியாது. குளிர்சாதன நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நின்ற அந்த மண்டபத்தில் 40 ஆண்டுகள் குளிர்சாதனம் இல்லை என்பது வேறு. கூட்டத்தின் அளவுக்கு ஆசைப்பட்டு, பார்க்க வந்தவனின் கண்ணை மறந்த கட்டடம் அது.

சாப்பல் ஹில்லில் சில ஆண்டுகளாக மறுபடி அரங்கப் பேச்சு எழுந்திருக்கிறது. ஸ்மித் சென்டரைப் புதுப்பிப்பதா, அதே இடத்தில் புதிதாகக் கட்டுவதா, வளாகத்துக்கு வெளியே வடக்கே கொண்டுபோவதா என்று. வெளியே கொண்டுபோகக் கூடாது என்று பழைய வீரர்கள் பலர் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். இந்த மாநிலத்தில் வரி கட்டுகிறவன், பிள்ளையைப் படிக்கவைத்தவன் என்ற முறையில் நானும் அதையே சொல்கிறேன். ராலியில் நடந்தது கண்முன்னே இருக்கிறது. எதைக் கட்டினாலும், வரைபடத்தில் முதலில் மாணவர் வரிசையைக் குறித்துவிட்டு, மிச்ச இடத்தை விற்கட்டும். பெற்றோர் கூட்டங்களில் இதைக் கேளுங்கள். நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுங்கள்.

கடைசியாக, டிக்கெட் கிடைப்பதில்லை, விலை கட்டுப்படியாகவில்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஆண்கள் அணிகள் விட்டுப்போன இரண்டு பழைய அரங்கங்களும் இடிபடவில்லை. பெண்கள் அணிகள் அங்கேதான் ஆடுகின்றன. கார்மைக்கேலில் ஆடும் சாப்பல் ஹில் பெண்கள் 1994-இல் தேசியக் கோப்பை வென்றவர்கள். ரெனால்ட்ஸில் என்.சி. ஸ்டேட் பெண்கள். 34 ஆண்டுகள் அவர்களைப் பயிற்றுவித்து, புற்றுநோயோடு போராடியபடியே களத்தோரம் நின்ற கே யோவின் பெயரைத்தான் அந்தத் தரை தாங்கியிருக்கிறது. 2024-இல் அந்த அணி தேசிய அரையிறுதிவரை போனது. நான் இத்தனை நேரம் புகழ்ந்த நெருக்கமும் ஆரவாரமும் அங்கே அப்படியே இருக்கின்றன. மகள்களை அழைத்துப் போங்கள், மகன்களையும் அழைத்துப் போங்கள்.   பக்கவாட்டில் நடுக்கோட்டுக்கு நேராக, எவ்வளவு கீழே கிடைக்கிறதோ அவ்வளவு கீழே வாங்குங்கள்.