புது மவுண்டன் பைக்கும் முதல் வார இறுதியும்

நேயர்களுக்கு வணக்கம். புதிதாக மவுண்டன் பைக் வாங்கிய கையோடு சனி, ஞாயிறில் மலைப் பாதைக்குக் கிளம்புகிறவர்கள் சனிக்கிழமையே நீண்ட பாதையில் இறங்க வேண்டாம். புது சைக்கிளில் கேபிளும் ஸ்போக்கும் போல்ட்டும் முதல் சில மணி நேர ஓட்டத்தில்தான் தத்தம் இடத்தில் அமரும். அமரும்போது சற்றுத் தளரும். சனிக்கிழமை புறப்பட்ட இடத்தைச் சுற்றியே ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் சைக்கிளைச் சரிபாருங்கள். ஞாயிறு நீண்ட பாதைக்குப் போகலாம்.

சைக்கிளைக் காரில் ஏற்றும்போதே ஒரு கவனம் வேண்டும். சக்கரத்தைக் கழற்றிய நிலையில் ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும், டிஸ்க் பிரேக்கின் லீவரைப் பிடித்தால், நடுவில் டிஸ்க் இல்லாததால் பிரேக் பேடுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு சக்கரம் உள்ளே போகாது. சைக்கிளோடு வரும் பிளாஸ்டிக் துண்டை அந்த இடைவெளியில் செருகிவையுங்கள். அது இல்லாவிட்டால் மடித்த அட்டை போதும்.

அடுத்தது காற்று. கடையில் பெரும்பாலும் டயரைக் கல்லாக அடித்துக் கொடுப்பார்கள். தார் ரோட்டுக்குச் சரி, கல்லும் வேரும் நிறைந்த பாதையில் அந்த டயர் துள்ளும், பிடிக்காது. 70 கிலோ எடையுள்ளவர், டியூப் போட்ட 2.3 அங்குல டயரில் முன்னால் 27, பின்னால் 30 பி.எஸ்.ஐ. (பம்பு மீட்டர் காட்டும் காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்கலாம். பஞ்சரான டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால் முள் காரணமில்லை. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. கூட்டுங்கள்.

முன் சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் ஃபோர்க் காற்றில் இயங்குவதாக இருந்தால் அதையும் உங்கள் எடைக்கு ஏற்றபடி வைக்க வேண்டும். முதுகுப்பையோடு பெடல் மீது நின்று பாருங்கள். 120 மில்லிமீட்டர் வரை அமுங்கக்கூடிய ஃபோர்க் சுமார் 24 மில்லிமீட்டர், அதாவது ஐந்தில் ஒரு பங்கு, அமுங்கினால் சரி. ஃபோர்க் குழாயில் இருக்கும் ரப்பர் வளையம் அந்த அளவைக் காட்டும். இதற்கென்று தனிப் பம்பு உண்டு. டயர் பம்பால் முடியாது.

பிரேக்கைப் பற்றி கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். புது டிஸ்க் பிரேக் முதல் நாள் சரியாகப் பிடிக்காது. பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க் மேல் படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். சமதளத்தில் 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஒரே ஒரு பிரேக்கை மட்டும் சீராக அழுத்தி, நடக்கும் வேகத்துக்குக் குறைத்து விட்டுவிடுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது. முழுதாக நிற்கவும் கூடாது. சூடான பேடோடு நின்றால் அந்த ஓர் இடத்தில் மட்டும் பொருள் திட்டாகப் படிந்து, பிறகு பிரேக் உதறும். ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது தடவை செய்யுங்கள். டிஸ்கைக் கையால் தொடாதீர்கள். செயின் ஆயிலை ஸ்ப்ரேயாக அடிக்காமல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பேடில் எண்ணெய் ஊறிவிட்டால் கத்தும், பிடிக்காது; பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை மாலை முதலில் பார்க்க வேண்டியது கியர். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் ஷிஃப்டரில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகைக் கழற்றும் திசையில் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று. சைக்கிள் வலப்பக்கமாக விழுந்திருந்தால் மட்டும் திருகில் கை வைக்காதீர்கள். பின்னால் செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம். பின்னால் நின்று பாருங்கள்: டீரெய்லரின் இரண்டு சிறு சக்கரங்களும் மேலே உள்ள பல்சக்கரத்துக்கு நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிய மாத்திரத்தில் டீரெய்லர் ஸ்போக்கில் சிக்கி உடையலாம். ஹேங்கர் மாடலுக்கு மாடல் மாறும், ஆகவே சைக்கிள் வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஃபிரேமும் ஃபோர்க்கும் சேரும் இடத்தில் விரலை வைத்தால் ஆட்டம் தெரியும். இருந்தால், ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல் மூடி போல்ட்டைச் சிறிது இறுக்கி, பிறகு பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்குங்கள். வரிசை மாறினால் பலனில்லை. எவ்வளவு இறுக்குவது என்பது ஸ்டெம் மீதே எழுதியிருக்கும். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். பெடல்களையும் இறுக்கிப் பாருங்கள். இடது பெடல் எதிர்மரை, வழக்கத்துக்கு எதிர்த் திசையில் திருப்பினால்தான் இறுகும். லூசான பெடலோடு ஓட்டினால் பெடல் மாட்டும் கையான கிராங்கின் மரை போய்விடும்.

ஞாயிறு பாதையில் இறக்கம் வருமுன் சீட்டை ஐந்து சென்டிமீட்டராவது இறக்குங்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, முழங்காலும் முழங்கையும் மடிந்திருக்க, எழுந்து நில்லுங்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக் போட்டால் டயர் வழுக்கும். ஏற்றத்தில் கியரை முன்கூட்டியே மாற்றுங்கள். முழு பலத்தோடு மிதிக்கும்போது மாற்றினால் செயின் அறுந்துபோகலாம்.

பையில் டியூப், டயர் லீவர் இரண்டு, பம்பு, செயினைக் கழற்றும் கருவியும் சேர்ந்த மல்டி டூல், உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி, அந்த ஹேங்கர் இருக்கட்டும். மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் கணக்கு. வெயிலில் கூடவே வேண்டும்.

ஊர் திரும்பி சைக்கிளைக் கழுவும்போது சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலும் கிராங்க் அச்சிலும் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். பேரிங்கில் இருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும். அடுத்த பயணத்துக்கு முன் கடையில் கொடுத்துச் சக்கரத்தின் கோட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.