சமாதான காலத்துச் சேர்ட்

(கோயில் திருவிழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘உடுப்பு வாங்குவதில் மகிழ்ச்சி தருவது கண்டவுடன் வாங்குவதா, நின்று நிதானித்து வாங்குவதா?’ நிதானத்தின் பக்கம் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர் ஐயாவுக்கும், அம்மன் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம். மற்ற வணக்கங்களை எங்கள் அணித் தலைவர் சொல்லி முடித்துவிட்டார். எனக்குத் தந்திருப்பது எட்டு நிமிடம். நேரே மாமியிடம் போகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன். இரண்டாவது வரிசையில் கச்சான் சரையோடு இருக்கிறார். தலையைக் குனியாதீங்கோ மாமி, ஒருவரும் பார்க்கவில்லை.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருந்தது. இரவு பத்தரை மணி. மாமா குறட்டை. மாமி நுளம்புவலைக்குள் போனோடு. போனில் ஒரு பிள்ளை லைவ்வில் சேலை விற்கிறாள். மயில்கழுத்து நிறம், சிவப்புக் கரை. தோளில் போட்டுக் காட்டி, “அக்காமார், கடைசி ரெண்டு பீஸ்தான் நிக்குது, விட்டா வராது, கோட் நம்பரைப் போடுங்கோ” என்கிறாள். மாமிக்குச் சேலை தேவையா? அந்த வீட்டு அலுமாரியைத் திறந்தால் சேலைதான் முதலில் வெளியே வரும். ஆனாலும் ‘கடைசி ரெண்டு’ என்று சொல்லிவிட்டாளே. மாமி எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

நம்பரைப் போட்டார். அதே நேரம் இன்னொருத்தியும் போட்டுவிட்டாள். அவளுடைய படத்தில் முகம் இல்லை, ஒரு ரோசாப்பூ மட்டும் இருக்கிறது. மாமி விடுவாரா? “நான்தான் முதல்” என்று எழுதினார். ரோசாப்பூ, “நேரத்தைப் பாருங்கோ, நான்தான் முதல்” என்று எழுதியது. மாமி, “சில பேருக்கு வயசுக்கு மரியாதை தெரியாது” என்று எழுதினார். ரோசாப்பூ, “சில பேருக்கு வயசுக்கு ஏத்த சேலை எடுக்கத் தெரியாது” என்று எழுதியது. சனமெல்லாம் சேலையை விட்டுவிட்டுச் சண்டையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. கடைசியில் அந்த விற்கிற பிள்ளை, “ரெண்டு பேருக்கும் ஒண்டு ஒண்டு, சண்டை வேண்டாம் அக்காமார்” என்று தீர்ப்புச் சொன்னாள். நடுவர் ஐயா, உங்களைவிட வேகமான தீர்ப்பு.

மாமி வெற்றியோடு படுத்தார். மூவாயிரத்து ஐந்நூறு ரூபா, கூரியர் காசு வேறு.

இரண்டு நாள் போனது. படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். கூரியர் பெடியன், “அம்மா, பார்சல் ரெண்டு” என்றான். மாமி, “தம்பி, நான் எடுத்தது ஒண்டு” என்றார். “இல்லையம்மா, ஒரே விலாசம், பெயர்தான் வேறு வேறு.” அப்போது குசினிக்குள் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு யார் வருகிறார் தெரியுமா?

பின்னுக்குச் சைக்கிளில் சாய்ந்து நிற்கிறவர்களுக்குக் கேட்டிராது. திரும்பச் சொல்கிறேன். குசினிக்குள் இருந்து வந்தது மருமகள். ரோசாப்பூ! ஒரே வீடு. நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் மாமி, அந்தப் பக்கம் மருமகள். வயசுக்கு மரியாதை தெரியாதவளும் வயசுக்கு ஏற்ற சேலை எடுக்கத் தெரியாதவரும் காலையில் ஒன்றாக இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

பொங்கலுக்கு இருவரும் ஒரே சேலை. சனம் கேட்டது, “என்ன, யூனிபோமோ?” என்று. திரும்பி வந்து தோய்த்தார்கள். சிவப்புக் கரை கரைந்து, கூட ஊறப்போட்டிருந்த மாமாவின் எட்டு முழ வேட்டியில் ஏறியது. மாமா அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ரோஸ் நிற வேட்டியோடு வந்தார். ஐயரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அதே இரவு லைவ்வில் அதே பிள்ளை, அதே சேலை, “கடைசி ரெண்டு பீஸ்தான் அக்காமார்.”

எதிரணித் தலைவர் சொன்னார், கண்டவுடன் வாங்குகிறபோது வருகிற சந்தோசத்துக்கு விலை இல்லை என்று. விலை இருக்கிறது. இரண்டு தரம் மூவாயிரத்து ஐந்நூறு, ஒரு வேட்டி. அந்தக் காசு மயில்கழுத்து நிறத்துக்காகவா போனது, ரோசாப்பூவைத் தோற்கடிக்கவா போனது? மாமியையே கேளுங்கள். அன்றிரவு மாமிக்கு விற்றது அவசரம். யோசித்தால் வாங்கமாட்டார் என்பது விற்கிறவளுக்குத் தெரியும். அதனால்தான் யோசிக்க விடவில்லை. ‘இன்று மட்டும்’, ‘ஐம்பது வீதக் கழிவு’, ‘மூன்று தவணையில் கட்டலாம்’ எல்லாம் அதே வேலைதான். ஆள் பாதி ஆடை பாதி என்று எதிரணி முழங்கியது. இப்போது போகிற போக்கில் ஆள் பாதி, தவணைக் கடன் பாதி. கிழமைக் கடன்காரன் படலைக்கு வந்து நிற்பது எப்படி இருக்கும் என்று இந்த மண்ணில் இருக்கிற பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மலிவு உடுப்பு எப்படி மலிவாகிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தில், டாக்காவுக்குப் பக்கத்தில் சாவாரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. உள்ளே ஆடைத் தொழிற்சாலைகள். முதல் நாளே சுவரில் வெடிப்பு விழுந்திருந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கி மூடிவிட்டது. தைக்கிற பிள்ளைகளை மட்டும் மறுநாள் வேலைக்கு ஏறச் சொன்னார்கள். 1,100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஓடர் நேரத்துக்குப் போகவேண்டும் என்ற அவசரம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் விடியற்காலையில் காமென்ட் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளின் அம்மாமார் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது வெளிநாட்டுச் செய்தி இல்லை.

ஒரு பருத்தி ரீசேர்ட்டுக்கு, பருத்தி விளைவதில் தொடங்கி, ஏறக்குறைய 2,700 லீற்றர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஆவணியில் கிணறு வற்றினால் பவுசருக்குப் பின்னால் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊர் இது. அதை நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள், நான் தம்பியிடம் வருகிறேன்.

எனக்கு முன்னர் எதிரணியில் பேசிய தம்பி நல்ல கெட்டிக்காரன். கைதட்டும் வாங்கினார். என்ன சொல்லி வாங்கினார்? “அண்ணை போட்டிருக்கிறது சமாதானப் பேச்சுவார்த்தைக் காலத்துச் சேர்ட்” என்று சொல்லி. நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், சபை நாகரிகம்.

தம்பி, பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. இந்தச் சேர்ட்டில் ஒரு பொத்தான்கூட முறியவில்லை. வாருங்கள், கிட்ட வந்து பாருங்கள். பயப்படாதீங்கோ. இது மீள்குடியேறிய பிறகு தைத்தது. கடையில் துணியைக் கையில் கசக்கி, விட்டு, சுருக்கம் போகிறதா என்று பார்த்து எடுத்தது. தைத்தவர் உள்ளுக்குள் ஒரு விரற்கடை துணி விட்டுத் தைத்தார், “தம்பி, நாளைக்கு வயிறு வைக்கும்” என்று. அவர் சொன்னபடியே வயிறு வைத்தது. தையலைப் பிரித்து இரண்டு தரம் பெருப்பித்தாயிற்று. உங்கள் சேர்ட்டைத் திருப்பிப் பாருங்கள், உள்ளே விட்ட துணி எவ்வளவு? ஒரு நூல் அளவு. இப்போது கல்யாணம் கட்டினால், தம்பி, ஆறு மாதத்தில் புதுச் சேர்ட்.

இலவசச் சீருடைத் துணி வந்தால் எங்கள் அம்மாமார் செய்வதும் இதுதானே. பாவாடை விளிம்பை நாலு விரல் மடித்துத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாக இறங்கும். இறங்கிய இடத்தில் பழைய மடிப்பின் கோடு தெரியும். நீலம் போட்டாலும் போகாது. அந்தக் கோட்டை எண்ணினால் பிள்ளை எத்தனை வகுப்பு ஏறியிருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். அதைக் கஞ்சத்தனம் என்றாரே தம்பி, அவருடைய அம்மா முன்வரிசையில் இருக்கிறார். அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

அதுக்குப் பிறகு இன்னொன்று சொன்னார். அதற்குத்தான் நான் எழும்பியது. “வன்னிச் சனம் உடுத்த உடுப்போடு ஓடின சனம். இப்பதான் ஆசைக்கு வாங்குது. அதையும் தடுக்க வந்திட்டினம்” என்றார். கைதட்டு பலம். நியாயமான கதை மாதிரித்தான் இருக்கும்.

தம்பி, உமக்கு அப்போது என்ன வயது? அம்மாவின் இடுப்பில் இருந்திருப்பீர். உடுத்த உடுப்போடு ஓடினது கடைசியில். முதலில் றங்குப்பெட்டியோடுதான் ஓடினோம். 2002இல் போர்நிறுத்தம் வந்து, கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறந்து, யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போய் ஆசையாக வாங்கின சமாதான காலத்துச் சேர்ட்டுகள், சேலைகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. இன்றைக்கு வன்னியில் அவை எத்தனை பேரிடம் இருக்கின்றன? எங்கே போயின?

2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளன் பக்கம் கடற்கரை மணல். பங்கர் வெட்டினால் நிற்காது, சரிந்து விழும். அணைக்க மண்மூட்டை வேண்டும். உரப்பை இருக்கிறவரைக்கும் உரப்பை. அது முடிந்த பிறகு சேலை. எங்கள் அம்மா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். முதலில் நைலெக்ஸ் சேலைகளை எடுத்து நாலாக வெட்டி மூட்டிக் கையால் தைத்தார். அது வழுக்கும். ஒன்றுக்கு மேல் ஒன்று அடுக்க நிற்காது. பிறகு நூல் சேலை. கடைசியில் பெட்டியின் அடியில் கூறைச் சேலை. அரக்கு நிறம்.

அந்தக் கூறை எப்படி வாங்கியது என்று அம்மம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். காலபோக நெல் விற்றுக் காசு வரும்வரைக்கும் பொறுத்திருந்தார்களாம். கடைக்காரர் விரித்த எல்லாவற்றையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, அன்றைக்கு ஒன்றும் எடுக்காமல் திரும்பி, பிறகு இன்னொரு நாள் போய் எடுத்தார்களாம். கடைக்காரர் கோபிக்கவில்லையாம், தேத்தண்ணீர் கொடுத்தாராம்.

அம்மா கத்தரிக்கோலை வைத்தார். ஒரு தரம் சேலையை முகத்தில் ஒற்றினார். “இது பாரம் தாங்கும்” என்றார். வெட்டினார். தாங்கியது தம்பி. கூறைச் சேலையில் தைத்த மூட்டையில் இருந்து மண் ஒழுகவில்லை. அதற்குப் பின்னால் நாங்கள் இருந்தோம்.

இதற்கும் தலைப்புக்கும் என்ன தொடர்பு என்று நடுவர் ஐயா என்னைப் பார்க்கிறார். எனக்கும் வடிவாகச் சொல்லத் தெரியவில்லை. பிறகு நாங்கள் இருந்த செட்டிகுளம் அகதி முகாமில் நிவாரண உடுப்பு தந்தார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது யாரோ ஒரு பெரிய ஆளின் சட்டை. ஊசி இரவல் வாங்கி அளவாக்கிப் போட்டார். இன்றைக்கும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால் விலையைப் பார்க்கமாட்டார். துணியைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பார். கடைப் பெடியன், “அம்மா, இழுக்காதைங்கோ, முதலாளி ஏசுவார்” என்பான். நான் பேசாமல் நிற்பேன். அவர் இழுத்துப் பார்க்கட்டும்.

மணி கேட்டது ஐயா, கேட்டது. சிலி நாட்டுப் பாலைவனத்தில் கொட்டிக் கிடக்கிற உடுப்பும், கானாவின் சந்தைக்கு மூட்டை மூட்டையாய்ப் போய் இறங்குகிற பழைய துணியும் பேச எடுத்து வந்த துண்டு என் பையிலேயே இருக்கிறது. அதை எங்கள் அணியின் தங்கையிடம் கொடுக்கிறேன், அவர் என்னைவிட ஒழுங்காகப் பேசுவார். மாமி, கச்சான் முடிந்துவிட்டதென்றால் மருமகளை வாங்கித் தரச் சொல்லுங்கோ. வணக்கம்.