ஃபிரிஸ்கோ: வீடு முதலில், ஆட்கள் அப்புறம்

[திரையில்: டல்லாஸ் வரைபடம். நகர மையத்திலிருந்து வடக்கே ஒரு கோடு நீள்கிறது.]

1990இல் இந்த ஊரின் மக்கள்தொகை சுமார் 6,100. 2000இல் 33,714. 2010இல் 1,16,989. 2020 கணக்கெடுப்பில் 2,00,509. முப்பது வருடத்தில் முப்பத்திரண்டு மடங்குக்கு மேல்!

ஊர், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டல்லாஸுக்கு வடக்கே இருக்கும் ஃபிரிஸ்கோ. இந்த வீடியோவைப் பார்க்கிறவர்களில் பலருக்கு அங்கே ஒரு சித்தப்பா மகனோ, கூடப் படித்தவரோ இருப்பார்கள். 1902இல் ரயில் பாதை வந்தபோது உருவான ஊர் இது. செயின்ட் லூயிஸ் – சான் ஃபிரான்சிஸ்கோ ரயில்வேயின் செல்லப்பெயர்தான் ஊருக்கும் பெயரானது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் சுற்றிலும் வயல்தான்.

அப்புறம் டல்லாஸிலிருந்து வடக்கே சுங்கச்சாலை நீண்டது. 2000இல் ஸ்டோன்பிரையர் என்ற பெரிய மால் திறந்தது. பக்கத்து ஊரான பிளேனோவுக்கு டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தை கலிஃபோர்னியாவிலிருந்து மாற்றியது. அறிவிப்பு 2014இல், திறப்பு 2017இல். வேலை பக்கத்தில் வந்துவிட்டது.

[திரையில்: ஒரே மாதிரி கூரைகள், மேலிருந்து]

இப்போது வருமானம். ஃபிரிஸ்கோவில் ஒரு வீட்டின் ஆண்டு வருமானம், இடைநிலை அளவில், 1,40,000 டாலருக்கு மேல். அமெரிக்கா முழுவதற்குமான அளவைப்போல கிட்டத்தட்ட இரு மடங்கு. வரிசையின் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம் இது. சராசரியை எடுத்தால் நாலைந்து பெரும் பணக்காரர்களே எண்ணை மேலே இழுத்துவிடுவார்கள்.

“பணக்கார ஊர், அதனால் வீட்டு விலை அதிகம்” என்று இதற்குச் சட்டென்று ஒரு விளக்கம் சொல்வார்கள். நான் இதைத் திருப்பிப் போட்டுத்தான் படிப்பேன். அங்கே வீடுதான் முதலில் வருகிறது. வயலை வாங்கும் கட்டுமான நிறுவனம் எத்தனை சதுர அடி மனை, எத்தனை படுக்கையறை, எத்தனை கார் நிறுத்தும் இடம் என்று வரைபடம் போடுகிறது. எந்தப் பகுதியில் குறைந்தபட்ச மனை எவ்வளவு, எங்கே அடுக்குமாடி வரலாம் என்பதை நகர நிர்வாகத்தின் விதிகள் முடிவு செய்கின்றன. நான்கு படுக்கையறை, பின்பக்கத் தோட்டம், நடக்கும் தூரத்தில் புதுப் பள்ளி என்று ஒரு வீடு கட்டினால், அதைக் கடனில் வாங்கக்கூடியவர் யார்? முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், இருவரும் சம்பாதிக்கும், குழந்தைகள் உள்ள தம்பதி. அவர்கள் வந்து குடியேறிய பிறகு கணக்கெடுப்பவர் கதவைத் தட்டுகிறார். வேறு யார் கதவைத் திறப்பார்கள்?

புள்ளிவிவரம் அதையேதான் காட்டுகிறது. நாடு முழுவதும் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சுமார் 22 சதவீதம். ஃபிரிஸ்கோவில் கிட்டத்தட்ட பத்தில் மூன்று பேர். 65ஐத் தாண்டியவர்களோ நாட்டு விகிதத்தைவிட மிகக் குறைவு. 2010இல் பத்தில் ஒருவர் ஆசியர். 2020இல் ஏறக்குறைய நான்கில் ஒருவர். அதில் பெரும்பகுதி இந்தியர்கள்.

“வீட்டு வருமானம்” என்பது ஒரே கூரையின்கீழ் இருக்கும் எல்லாருடைய வருமானத்தையும் கூட்டியது. இரண்டு சம்பளம் ஒரே எண்ணாகிறது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவரும், தனியாக அறை எடுத்திருக்கும் இளைஞரும் இங்கே குறைவு என்பதால் எண்ணைக் கீழே இழுக்கவும் ஆள் இல்லை. நபர்வாரி வருமானத்தைப் பாருங்கள், நாட்டுக்கும் ஊருக்குமான இடைவெளி சட்டென்று குறையும். வகுக்கும் இடத்தில் குழந்தைகளும் வந்துவிடுகிறார்கள் அல்லவா?

இன்னொரு விடுபடல் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. இந்தக் கணக்கு ஒருவர் எங்கே தூங்குகிறார் என்பதை வைத்து எடுக்கப்படுகிறது, எங்கே உழைக்கிறார் என்பதை வைத்து அல்ல. அந்த ஊர் மாலில் பில் போடுபவர், உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர், பள்ளியில் உதவியாளராக இருப்பவர் எனப் பலர் மாலையில் வேறு ஊருக்குக் காரோட்டிப் போகிறார்கள். அவர்கள் சம்பளம் அந்த வேறு ஊரின் கணக்கில் சேரும்.

[திரையில்: கேள்வித்தாள்]

சரி, இந்த எண்களை யார் எடுக்கிறார்கள்? பத்தாண்டுக் கணக்கெடுப்பு இப்போது வருமானத்தைக் கேட்பதில்லை, 2000தான் கடைசி. அதற்குப் பதிலாக அமெரிக்க சமூகக் கணக்கெடுப்பு என்ற ஒன்று ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குப் போகிறது. 65,000 பேருக்கு மேல் உள்ள ஊருக்கு ஒவ்வொரு ஆண்டுக்கும் தனி எண் கிடைக்கும். அதற்குக் குறைந்தால் ஐந்து வருடத்தைச் சேர்த்து ஒரே எண். நிதானமாக வளரும் ஊருக்கு அது போதும். ஐந்து வருடத்தில் இரண்டு மடங்காகும் ஊருக்கோ, அது பழைய ஊரைப் பற்றிய தகவல்.

வீட்டு மதிப்பு இன்னும் வேடிக்கை. “விற்றால் எவ்வளவு போகும் என்று நினைக்கிறீர்கள்?” என்று வீட்டுக்காரரிடமே கேட்கிறார்கள். தன் வீட்டைக் குறைத்து மதிப்பிடும் ஆளை நான் பார்த்ததில்லை.

சொந்த வீட்டு விகிதம் ஃபிரிஸ்கோவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. இது ஆள் குடியிருக்கும் வீடுகளில் எத்தனை உரிமையாளர் கையில் என்ற கணக்கு. மூன்றில் இரண்டு ஆட்களுக்குச் சொந்த வீடு என்று பொருளில்லை. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. அந்தப் பாரம் சொத்து வரியில் ஏறுகிறது, அதில் பெரும் பங்கு பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்புக்கு. கடனை அடைத்து முடித்தாலும் வரி முடியாது. தான் குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. ஆனால் வீடு கைமாறினால் மதிப்பு மறுபடி சந்தை விலைக்குப் போய்விடும். அதனால் ஒரே தெருவில், ஒரே அளவு வீட்டுக்குப் பழையவர் ஒரு தொகையும் புதியவர் வேறு தொகையும் கட்டலாம்.

[திரையில்: பிளேனோ, ஃபிரிஸ்கோ, செலைனா, தெற்கிலிருந்து வடக்காக]

ஃபிரிஸ்கோவின் நாளைய நிலை தெரிய வேண்டுமா? தெற்கே பிளேனோவைப் பாருங்கள். 1970இல் 17,872 பேர், 2000இல் 2,22,030 பேர். அடுத்த இருபது ஆண்டுகளில் சேர்ந்தது சுமார் 63,000 பேர்தான். நிலம் தீர்ந்தது. பிள்ளைகள் படித்து வெளியேறினார்கள், பெற்றோர் அதே வீட்டில் தங்கிவிட்டார்கள். 2024இல் பிளேனோ பள்ளி மாவட்டம் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. 2003 வரை ஒரே ஒரு உயர்நிலைப்பள்ளி வைத்திருந்த ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டம் இப்போது 12 நடத்துகிறது. அங்கேயும் மாணவர் எண்ணிக்கை இறங்கத் தொடங்கிவிட்டது.

இளம் தம்பதிகள் இப்போது இன்னும் வடக்கே போகிறார்கள். 2020இல் 16,739 பேர் இருந்த செலைனா, 2023இல் 20,000 பேருக்கு மேல் உள்ள நகரங்களில் நாட்டிலேயே சதவீதக் கணக்கில் மிக வேகமாக வளர்ந்தது. அடுத்த ஆண்டு அந்த இடம் கிழக்கே இருக்கும் பிரின்ஸ்டனுக்கு. குழாயும் கழிவுநீரும் சாலையும் ஈடுகொடுக்க முடியாமல், 2024 செப்டம்பரில் பிரின்ஸ்டன் நகர நிர்வாகம் புதுக் குடியிருப்புகளுக்கான அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.